சிட்டுக்குருவிக்குக் கவிதை, ரோஜாச்செடிக்கு விஷமா?

மார்ச் 20 வந்தா போதும். நம்ம மக்களுக்கு சிட்டுக்குருவி மேல அப்படி ஒரு பாசம் பொங்கும். ஆளாளுக்கு ஒரு கவிதை, கூகுள்ல சுட்ட ஒரு படம் (அதுலயும் பாதி ஐரோப்பாவுல எடுத்தது), கடைசியா செல்போன் கோபுரத்துக்கு ஒரு சாபம். முடிஞ்சது கடமை. படிச்சவங்க "மனதைத் தொட்டது தோழர்"னு ஒரு பின்னூட்டம் போட்டுட்டு, கொல்லைப்புறம் போய் ரோஜாச்செடிக்குப் பூச்சி மருந்து அடிப்பாங்க.

கோவம் வருதா? வரட்டும். அதுக்குத்தான் எழுதறேன்.

சொல்ல வர்றது சின்ன விஷயம்தான். வீட்டுத் தோட்டத்துல குருவியும் வேணும், ரோஜாவும் வேணும்னு ஆசைப்படறதுல தப்பே இல்ல. எனக்கும் அதே ஆசைதான். ரெண்டும் ஒண்ணா இருக்கும், எங்க வீட்டுல இருக்கு. ஆனா "இலையில ஒரு ஓட்டை கூட இல்லாத ரோஜா வேணும், தரையில ஒரு சருகு கூட விழாத தோட்டம் வேணும், அதுல குருவியும் வந்து பாடணும்"னு கேட்டா, சாமி... ஆளை விடுங்க. அது சோறு போடாம விருந்தாளியைக் கூப்பிடற கதை.

முதல்ல அந்தக் கோபுரத்துக்கு வருவோம்.

பழி ஓரிடம்...

2018ல ஷங்கரோட 2.0 படம் வந்தப்புறம் இது ஒரு வேதவாக்கு ஆயிடுச்சு. பட்சிராஜன் தூக்குல தொங்கினதைப் பார்த்துக் கண் கலங்கி வந்தவங்க எல்லாம் "செல்போன் டவராலதான் குருவி செத்துச்சு"ன்னு முடிவு கட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஃபார்வர்டு மெயில்ல சுத்திக்கிட்டு இருந்த சரக்குதான் இது. படம் அதுக்கு ரெக்கை கட்டி விட்டுச்சு.

கொஞ்சம் நிதானமா யோசிப்போமா?

லண்டன்ல கென்சிங்டன் கார்டன்ஸ்னு ஒரு பெரிய பூங்கா. 1925ல அங்க சிட்டுக்குருவிகளை எண்ணியிருக்காங்க. 2603 இருந்தது. 1948ல எண்ணினப்போ 885. 1975ல 544. 2000ல வெறும் 8. இப்போ சொல்லுங்க, பிரிட்டன்ல செல்போன் எப்போ வந்தது? 1985ல. அதாவது ஐந்துல நாலு பங்கு குருவி, செல்போன்னு ஒரு வஸ்து அந்த ஊர்ல புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே போயாச்சு. முதல் சரிவுக்கு என்ன காரணம் சொல்றாங்க தெரியுமா? குதிரை வண்டி போனது. குதிரைக்குப் போட்ட தானியம் சிந்தும், சாணத்துலயும் தானியம் கிடக்கும், குருவி பொறுக்கும். மோட்டார் வந்துச்சு, தானியம் போச்சு, குருவியும் போச்சு. சோத்துப் பிரச்சினைங்க அது.

நம்ம ஊருக்கு வாங்க. 2020ல 'இந்தியப் பறவைகளின் நிலை'ன்னு ஒரு அறிக்கை வந்தது. நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவங்க பதிஞ்ச ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வச்சுச் செஞ்சது. அது சொல்றது: இந்தியா மொத்தத்துல சிட்டுக்குருவி எண்ணிக்கை 25 வருஷத்துக்கும் மேலா ஏறக்குறைய நிலையாத்தான் இருக்கு. குறையறது எங்க? பெருநகரங்கள்ல. கோபுரம்தான் காரணம்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னும் அதே அறிக்கை சொல்லுது.

"2010ல மத்திய அரசே ஒரு குழு போட்டுச்சே"ன்னு ஒருத்தர் வருவார், தெரியும். போட்டாங்க. அந்தக் குழு அதுவரைக்கும் வந்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து, எச்சரிக்கையா இருக்கறது நல்லதுன்னு சொல்லுச்சு. எச்சரிக்கையா இருங்கன்னு சொல்றது வேற, இவன்தான் கொலைகாரன்னு தீர்ப்பு எழுதறது வேற.

சந்தேகம் இருந்தா மூட்டை இறக்கிற ஒரு அரிசி மண்டி வாசல்ல கால் மணி நேரம் நில்லுங்க. குருவி சட்டையே பண்ணாம பொறுக்கிட்டு இருக்கும். தலைக்கு மேல கோபுரம் இருக்கான்னு நீங்களே அண்ணாந்து பாருங்க.

இந்தக் கோபுரக் கதை மேல எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? அது பொய்யோ மெய்யோங்கிறது ரெண்டாவது. அது ரொம்ப வசதியான கதை. கோபுரத்தை நம்மால இறக்க முடியாது. அதனால நம்ம மேல பொறுப்பே இல்ல. திட்டிட்டுத் தூங்கப் போயிடலாம். நம்ம கையில இருக்கற ஸ்ப்ரேயரைப் பத்தி யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

குருவிக்கு என்ன வேணும்?

மூணே மூணு. கூடு கட்ட ஒரு பொந்து. பொறுக்க, புரள ஒரு மண் தரை. குஞ்சுக்குப் பூச்சி.

பொந்து: ஓட்டு வீட்டு இறவாணம், சுவத்துல இருந்த மாடம், சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த இடுக்கு. இதெல்லாம் இருந்தப்போ குருவி நம்மளோட கூட்டுக் குடித்தனம் நடத்துச்சு. இப்போ வழவழன்னு பூசின கான்கிரீட் சுவர், ஜன்னலுக்குக் கொசுவலை. எங்க போய்க் கட்டும்?

இதுக்கு நம்ம ஆளுங்க மரப்பெட்டி மாட்டறாங்க. நல்லது, மாட்டுங்க. ஆனா பெட்டி மட்டும் மாட்டிட்டு மத்த ரெண்டையும் கொடுக்கலைன்னா, தண்ணி கனெக்‌ஷன் இல்லாத ஃபிளாட்டை வாடகைக்கு விடற மாதிரிதான்.

மண் தரை: குருவி தண்ணில மட்டும் குளிக்காது, புழுதியிலயும் குளிக்கும். பேவர் பிளாக்ல புழுதி ஏது?

பூச்சி: இதுதான் நாம மறந்து போற விஷயம். பெரிய குருவி அரிசி, கம்பு, புல் விதை எல்லாம் தின்னும். ஆனா முட்டையில இருந்து வந்த குஞ்சுக்கு முதல் சில நாளைக்குத் தானியம் ஒத்துக்காது. அதுக்குப் புரதம் வேணும். பச்சைப்புழு, அசுவினி, சின்ன வண்டு, சிலந்தின்னு மெத்துனு இருக்கற ஜீவன்களைத்தான் தாய் தகப்பன் கொண்டு வந்து ஊட்டும். நீங்க மொட்டை மாடியில படி அரிசி கொட்டினாலும் அந்தக் குஞ்சு பசியிலதான் சாகும்.

சிட்டுக்குருவி மட்டும் இல்ல. செம்பருத்தியில தலைகீழாத் தொங்கி தேன் குடிக்குதே தேன்சிட்டு, அதுவும் குஞ்சுக்குத் தேனா ஊட்டுது? இல்லைங்க. சிலந்தியும் பூச்சியும்தான். ரெண்டு இலையை நார் போட்டுத் தைச்சுக் கூடு கட்டுற தையல்சிட்டு முழு நேரப் பூச்சி தின்னி. கொண்டைக்குருவி பழம் தின்னும், குஞ்சு இருக்கறப்போ புழு தேடும். கும்பலா வந்து சருகைப் புரட்டிப் புரட்டிக் கத்திட்டுப் போகுமே தவிட்டுக்குருவி, அந்தச் சருகுக்கு அடியில இருக்கறதுதான் அதுக்குச் சோறு. இரட்டைவால் குருவி கம்பியில உக்காந்து பறக்கற பூச்சியைப் பிடிக்கும்.

ஆக, பூச்சி இல்லாத தோட்டம்னா குருவி இல்லாத தோட்டம். இதுல பேரமே கிடையாது.

ரோஜா எங்க வந்தது?

இந்த ஊர்ல எதுக்கும் மருந்து அடிக்காதவன் கூட ரோஜாவுக்கு அடிக்கறான். அதான் ரோஜாவைப் பிடிச்சேன்.

நர்சரிக்குப் போனீங்கன்னா பூ ஒண்ணு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். ஆரஞ்சு, மஞ்சள், ரெண்டு கலர் கலந்ததுன்னு வரிசையா வச்சிருப்பாங்க. வாங்கிட்டு வந்து வச்சா ரெண்டு மாசத்துல இலை பூராக் கரும்புள்ளி, மஞ்சளாகிக் கொட்டும். திரும்பப் போய்க் கேட்டா, "சார், ரோஸ்னா வாரம் ஒரு தடவை மருந்து அடிச்சாத்தான் நிக்கும்"னு ஒரு பாட்டிலைக் கையில கொடுப்பார். லேபிளைப் படிக்காம வாங்கிட்டு வருவோம்.

ஏன் இப்படி? அந்தப் பெரிய பூ ரோஜாக்களுக்கு 'ஹைபிரிட் டீ'ன்னு பேரு. 1867ல ஃபிரான்ஸ்ல வந்த 'லா ஃபிரான்ஸ்'தான் அந்த வகையில முதல்னு கணக்கு. அப்போ அதுல பளிச்னு மஞ்சள் கிடையாது. 1900ல பெர்னே துஷேங்கிற ஃபிரெஞ்சுக்காரர் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 'சொலேய் தோர்'னு ஒண்ணைக் கொண்டு வந்தார். இன்னைக்குப் பார்க்கிற மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களுக்கு அதுதான் பாட்டி. கலரோட கூடவே கரும்புள்ளி நோய்க்குச் சுலபமா இளகிப் போற குணமும் அந்த வழியா வந்து சேர்ந்ததுன்னு ரோஜா வளர்ப்பில் ஊறினவங்க சொல்வாங்க. நோஞ்சான் பிள்ளையை அழகுக்காகத் தத்து எடுத்துட்டு, மாசம் பூரா ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம்.

ஊட்டி மலைச்சரிவுல ஜம்முனு நிக்கற ரோஜாவைப் பார்த்துட்டு, அதே ரகத்தைச் சென்னை வெயில்ல, மொட்டை மாடியில, பிளாஸ்டிக் தொட்டியில வச்சா அது என்ன பண்ணும் பாவம்?

இன்னொரு விஷயம். அடுக்கு ரோஜாவுல பறவைக்குத் தேன் கிடையாது. இதழ் அடுக்கடுக்கா வரணும்னு மனுஷன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுல, மகரந்தம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழாகிப் போச்சு. தேன்சிட்டு அதைத் திரும்பிக் கூடப் பார்க்காது. அப்புறம் எதுக்கு ரோஜாச்செடிக்குக் குருவி வருது? அசுவினிக்கும் புழுவுக்கும்தான்! நீங்க எதை அழிக்கணும்னு பாட்டிலோட நிக்கறீங்களோ, அது ஒண்ணுதான் அந்தச் செடி பறவைக்குக் கொடுக்கற தட்சணை.

அந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?

மோனோகுரோட்டோபாஸ்னு ஒரு மருந்து. நம்ம ஊர்ல ரொம்ப காலமா சர்வசாதாரணமாப் புழங்கினது. 1995-96ல அர்ஜென்டினாவுல வெட்டுக்கிளிக்கு இதை அடிச்சாங்க. அந்த வெட்டுக்கிளியைத் தின்ன வந்த ஸ்வைன்சன் பருந்துகள் கொத்துக் கொத்தா விழுந்து செத்தது. ஒரே பருவத்துல சுமார் 20,000 வரைக்கும் செத்திருக்கும்னு மதிப்பிட்டாங்க. பருந்துக்கு யாரும் விஷம் வைக்கல. பூச்சிக்குத்தான் வச்சாங்க.

2013ல பீகார்ல ஒரு பள்ளிக்கூடத்துல மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்தது ஞாபகம் இருக்கா? சமைச்ச எண்ணெயில கலந்திருந்தது இதே மருந்துதான். மனுஷனுக்கே இந்தக் கதின்னா, ஒரு தேன்சிட்டோட எடை என்ன? பத்து கிராம் கூட இல்ல. அது எவ்வளவு தாங்கும்?

"நான் அதெல்லாம் வாங்கறதில்ல, இப்போ வர்ற நவீன மருந்துதான்"னு சிலர் சொல்வாங்க. அதாவது இமிடாகுளோபிரிட் வகையறா. அது வேர் வழியாச் செடி பூராப் பரவும். இலை, தண்டு, மகரந்தம் எல்லாத்துலயும் இருக்கும். தேனீக்களுக்கு ஆபத்துன்னு 2018ல ஐரோப்பிய ஒன்றியம் இதையும் இதோட ரெண்டு உறவுக்காரங்களையும் திறந்தவெளியில பயன்படுத்தத் தடை போட்டுச்சு. 2019ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்தது. வட அமெரிக்காவுல வலசை போற ஒரு குருவிக்கு இந்த மருந்தைத் துளியூண்டு கொடுத்துப் பார்த்தாங்க. குருவி சாகல. ஆனா சரியாச் சாப்பிடாம உடம்பு இளைச்சு, கிளம்ப வேண்டிய நேரத்துல கிளம்ப முடியாம தங்கிப் போச்சு. செத்து விழுந்தாத்தான் விஷம்னு நினைக்கறோம். பறக்கத் தெம்பில்லாம போறதும் பறவைக்குச் சாவுதான்.

இதுல தமாஷ் என்னன்னா, மருந்து அடிச்சா ரோஜாவுக்கும் நல்லதில்ல. கோடையில இலைக்கு அடியில செம்பேன் வருமே, பொடிப்பொடியா, மெல்லிசா நூல் கட்டிக்கிட்டு? அதைத் தின்னு கட்டுக்குள்ள வைக்கறதுக்கு வேற பேன்கள், பொறிவண்டுகள் உண்டு. நீங்க அடிக்கற பொது மருந்து இந்த நல்லவங்களை முதல்ல காலி பண்ணிடும். செம்பேனுக்கு ஒண்ணும் ஆகாது. காவல்காரன் செத்த வீட்டுல திருடன் சும்மா இருப்பானா? அடுத்த வாரம் செம்பேன் ரெண்டு மடங்கு. நர்சரிக்காரர் அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். இது முடியவே முடியாத கடன்.

அப்போ எப்படித்தான் வளர்க்கறது?

கேள்வி நியாயம். வெறுமனே திட்டிட்டுப் போறவன் நான் இல்ல. எங்க வீட்டுல செய்யறதைச் சொல்றேன்.

ஒண்ணு, ரகம். பன்னீர் ரோஜா வையுங்க. பிறப்பால அதுவும் நம்ம ஊர்ச் செடி இல்லதான். ஆனா பல தலைமுறையா நம்ம வெயிலைக் குடிச்சுப் பழகினது. பூ சின்னது, உதிரும், குவளையில வச்சா ஒரு நாள்தான். வாசனை? அந்த உள்ளங்கை ரோஜா பத்து சேர்ந்தாலும் வராது.

ரெண்டு, தண்ணி. காலையில, வேர்ல ஊத்துங்க. சாயங்காலம் ஹோஸ் பைப்பால தலையில அடிக்காதீங்க. கரும்புள்ளி பூஞ்சைக்கு இலை மணிக்கணக்குல ஈரமா இருக்கணும், அப்போதான் முளைக்கும். ராத்திரி பூரா ஈரத்துல விட்டா நீங்களே விதைச்ச மாதிரி. புள்ளி விழுந்து உதிர்ந்த ரோஜா இலையை மட்டும் பொறுக்கி எடுத்துடுங்க. மத்த சருகு கிடக்கட்டும், தவிட்டுக்குருவி கணக்குல.

மூணு, பொறுமை. இதுதான் கஷ்டம். அசுவினி ஜோடி சேராமலே குட்டி போடும். அதனால திடீர்னு மொட்டு பூரா மொய்க்கும். அதைத் தின்ன வர்ற பொறிவண்டு முட்டை போட்டு, புழு வெளியில வந்து வேலையை ஆரம்பிக்க ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். அந்தப் பத்து நாள்லதான் நம்ம ஆளுங்க பொறுமை இழந்து பாட்டிலைத் தூக்கறாங்க. முடியலைன்னா தண்ணியை வேகமாப் பீச்சி அடிச்சு மொட்டைக் கழுவி விடுங்க, பாதி ஓடிடும். கறுப்பா, முதுகுல ஆரஞ்சுப் புள்ளியோட, குட்டி முதலை மாதிரி ஒண்ணு ஊர்ந்தா நசுக்கிடாதீங்க. அதுதான் பொறிவண்டுக் குஞ்சு.

நாலு, வேப்பெண்ணெய். அதுவும் மருந்துதான், புனிதத் தீர்த்தம் இல்ல. மாவுப்பூச்சி அப்பின கிளையில மட்டும், சாயங்காலம், பூவுல படாம. அவ்வளவுதான்.

அஞ்சு, ரோஜாவுக்குப் பக்கத்துல தேன் இருக்கற எதையாவது வையுங்க. ஒத்தைச் செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு மாதுளை. தேன்சிட்டு தேனுக்கு வரும், வந்த கையோட ரோஜாவுல புழுவும் பொறுக்கும்.

இப்படிச் செஞ்சா இலையில ஓட்டை விழுமா? விழும். பத்து மொட்டுல ரெண்டு கோணலாப் பூக்குமா? பூக்கும். அந்த ரெண்டு மொட்டுதான் நான் கட்டுற வாடகை. அதுக்குப் பதிலா விடியக்காலையில குண்டுக்கரிச்சான் சுதி சேர்க்கறதைப் பல் தேய்ச்சுக்கிட்டே கேக்கறேன். இந்த வியாபாரத்துல எனக்கு நஷ்டம் இருக்கற மாதிரி தெரியல.

எங்க லேஅவுட் கதை

இவ்வளவு காட்டமா எழுத ஒரு காரணம் உண்டு. எங்க லேஅவுட் சங்கத்துல ஒரு தீர்மானம் வந்திருக்கு. பொது இடம் பூரா பேவர் பிளாக். காம்பவுண்டை ஒட்டி இருக்கற வேலிப்புதரை எடுத்துட்டு இரும்புக் கம்பி. மாசம் ஒரு தடவை எல்லா வீட்டுத் தோட்டத்துக்கும் சேர்த்து ஒப்பந்தத்துல மருந்து அடிப்பு. எங்க வீட்டுக்குள்ளயும் சேர்த்துத்தான். அடுத்த மாசம் ஓட்டெடுப்பு.

கூட்டத்துல எழுந்து பேசினேன். செயலாளர் சொன்னார், "சார், நீங்க குருவியைப் பாக்கறீங்க. நாங்க குழந்தைங்களைப் பாக்கறோம். டெங்கு வந்தா யார் பதில் சொல்றது?"

நல்ல கேள்வி. பதிலும் நேராச் சொன்னேன். டெங்குக் கொசு ரோஜாச்செடியில முட்டை போடறதில்ல. தேங்கின நல்ல தண்ணியில போடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டுல, மூடாத தொட்டியில, மொட்டை மாடி டயர்ல. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல ஆகும். வாரம் ரெண்டு தடவை கொட்டிக் கவிழ்த்தா வேலை முடிஞ்சது. நம்ம மாடித் தொட்டி மூடியை மாத்த காசு இல்லைங்கறீங்க, மருந்துக்கு மட்டும் மாசாமாசம் காசு எங்கருந்து வருது?

"புதர் இருந்தா பாம்பு வரும்"னார் இன்னொருத்தர். பாம்பு எலிக்கு வருது. எலி குப்பைக்கு வருது. குப்பைத் தொட்டி வழிஞ்சு பத்து நாள் ஆச்சு, அதுக்குத் தீர்மானம் போடுங்களேன்னேன். யாரும் பேசல.

அப்புறம் பேவர் பிளாக். வருஷா வருஷம் டிசம்பர்ல முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு "மழைநீர் வடிகால் சரியில்ல"ன்னு கார்ப்பரேஷனைத் திட்டறோம். தண்ணி குடிக்கற மண்ணை எல்லாம் நாமளே மூடிட்டு, அது வேற எங்க போகும்?

அந்த வேலிப்புதர்ல இந்த வருஷம் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கு. செயலாளர் வீட்டுப் பேரன்தான் எனக்கே காட்டினான். "தாத்தாகிட்ட சொல்லாதீங்க அங்கிள், வெட்டிடுவாங்க"ன்னான். எட்டு வயசு. அவனுக்குப் புரியறது ஓட்டுப் போடற வயசுக்காரங்களுக்குப் புரியல.

அரிசி போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை

"நான் தினமும் அரிசி போடறேன், எனக்குப் புண்ணியம்"னு இருக்கறவங்களே, யார் வந்து தின்னுதுன்னு பாத்தீங்களா? முக்கால்வாசி புறாதான். 2023ல வந்த அடுத்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, அமோகமாப் பெருகற பறவைகள் பட்டியல்ல மாடப்புறாவைச் சேர்த்திருக்கு. 2025ல மும்பையில புறாவுக்குத் தீனி போடற இடங்களை மூடப் போய் பெரிய ரகளையே நடந்தது. யார் ஏற்கெனவே செழிப்பா இருக்காங்களோ அவங்களுக்கே பந்தி வைக்கறோம்.

குருவிக்கு ஏதாவது செய்யணும்னா ஒரு மண் சட்டியில தண்ணி வையுங்க. ஆழம் ரெண்டு விரக்கடை போதும். தினம் மாத்துங்க. ரெண்டு சதுர அடி மண்ணைச் சும்மா விடுங்க. ஒரு மூலையில புல் விதை கட்டட்டும். இது அரிசியை விட மலிவு.

மா. கிருஷ்ணன்னு ஒரு மனுஷர் இருந்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில 1950ல இருந்து 1996ல இறக்கிற வரைக்கும் இயற்கை பத்திப் பத்தி எழுதினவர். புலி, யானைன்னு காட்டுக்குப் போனவர்தான். ஆனா மயிலாப்பூர்ல வீட்டைச் சுத்தி இருந்த காக்கா, அணிலையும் அதே மரியாதையோட எழுதினார். பறவை பார்க்கக் கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் போகணும்னு இல்ல. கொல்லைக் கதவைத் திறந்தா போதும். திறந்தா ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

அதனால மக்களே, அடுத்த மார்ச் 20க்குக் கவிதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பரண்லயோ, பாத்ரூம் அலமாரியிலயோ இருக்கற அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படிங்க. பொடி எழுத்துதான், கண்ணாடி போட்டுப் படிங்க. பறவை, மீன், தேனீ பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. படிச்சு முடிச்ச பின்னாடியும் கவிதை எழுத மனசு வந்தா, தாராளமா எழுதுங்க.

பி.கு. 1: மிச்சம் இருக்கற மருந்தைச் சாக்கடையிலயோ கிணத்தடியிலயோ ஊத்திடாதீங்க புண்ணியவான்களே. வாங்கின கடையில திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேளுங்க. அதுவரைக்கும் குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வையுங்க.

பி.கு. 2: கோபுரக் கட்சிக்காரங்க வழக்கம் போல வரலாம். ஆனா வரும்போது அந்த 1975 கணக்குக்கு ஒரு பதிலோட வாங்க. வெறுங்கையோட வந்தா டீ கூடக் கிடையாது :-)

பி.கு. 3: ஓட்டெடுப்பு முடிவு என்னாச்சுன்னு அடுத்த மாசம் எழுதறேன். உங்க குடியிருப்புலயும் இப்படி ஒரு தீர்மானம் வந்து அதை எதிர்த்து ஜெயிச்சவங்க யாராவது இருந்தா, எப்படின்னு கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. நிஜமாவே உதவியா இருக்கும்.